அந்தக் கட்டத்தை நீ நிரப்பாதே

புஜைராவிலிருந்து ஜெயா அழைத்தபோது நான் பர் துபாய் அலுவலகத்தில் படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். "அக்கா போயிட்டாங்க கோமதி" என்றாள். மலைப்பாதை வளைவில் கல் ஏற்றிய ட்ரெய்லர் ஒன்று நம் அலுவலக மும்தாஜ் அக்காவின் காரைப் பாறையோடு சேர்த்து நசுக்கி ஐந்து நாட்கள் ஆகியிருந்தன. தொண்டியிலிருந்து அவருடைய உம்மா வந்து சேர விசா கிடைக்கவில்லை. அலுவலகத்திலிருந்து நாம் வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். ஜெயா அங்கேயே இருந்தாள். அவள் யார் என்று உங்களில் பலர் கேட்டீர்கள். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

நாம் விற்பது, படுத்த படுக்கையாகிவிட்டவரைப் பார்த்துக்கொள்ள மாதாமாதம் பணம் தரும் காப்பீடு. நாமெல்லாம் சம்பளத்தைக் கேட்டுத் தொடங்குவோம். மும்தாஜ் அக்கா ஆளைத் தரையில் படுக்கச் சொல்வார். "இப்ப நீங்க எந்திரிக்க முடியாதுண்ணே. யாரு திருப்பிப் போடுவா, கூப்பிடுங்க." ஏன் இப்படி என்று கேட்டால், "நிக்கிற ஆம்பள பொய் சொல்லுவான் புள்ள, படுத்தவன் சொல்ல மாட்டான்" என்பார்.

ஷார்ஜாவில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் ஒருவர் அப்படிப் படுத்துக்கொண்டு தன் ரூம்காரரைக் கூப்பிட்டார். "இவனயா? என் மொபைல ஒடச்சவன். கெடந்து நாறட்டும்" என்றார் ரூம்காரர். படுத்தவர் ஸ்பேனரோடு எழுந்தார். ரூம்காரரின் முன்பல் ஒன்று எண்ணெய்த் தரையில் தெறித்தது. மும்தாஜ் அக்கா ஒரு வாளித் தண்ணீரை இருவர் மேலும் ஊற்றினார். "கலாஸ், முடிஞ்சுது! ரெண்டு பேருக்கும் ஆள் இல்லன்னு எழுதிக்கிறேன்."

படிவத்தில் 'பார்த்துக்கொள்பவர்' என்று ஒரு கட்டம் உண்டு. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். படிவம் நிரப்பத் தெரியும். முகம் பார்த்துக் கேள்வி கேட்க வராது. அதனால் கல்யாணமான ஆண்களுக்கெல்லாம் 'மனைவி' என்று அலுவலகத்திலேயே எழுதிவிடுவேன். "அந்தக் கட்டத்த நீ நிரப்பாத. கேக்காம யாரயும் வேலைக்கு வைக்காத" என்று அவர் திட்டுவார். நான் தலையாட்டிவிட்டு மறுபடியும் எழுதுவேன்.

தேராவில் ஒரு ஃபோர்மேன் வீட்டுக்கு அப்படி ஒரு படிவத்தோடுதான் போனோம். அவர் மனைவி ஜெயா இடது கையால் தேநீர் கொண்டுவந்தாள். அக்கா அவரைப் படுக்கச் சொன்னதும், "அதான் பொண்டாட்டின்னு எழுதியிருக்கே" என்று என் கையெழுத்தைக் காட்டிச் சிரித்தார். பிறகு படுத்தார். ஜெயா இடது கையாலேயே அவரைப் புரட்டப் பார்த்தாள். முடியவில்லை. அக்கா அவளுடைய வலது தோளைத் தொட்டதும் அலறிவிட்டாள்.

"பாத்ரூம்ல வழுக்கிட்டா" என்றார் அவர், படுத்தபடியே.

"நான் அவங்களக் கேட்டேன்" என்றார் அக்கா.

ஜெயா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "இவரு நெசமா விழுந்தா, நான் திருப்ப மாட்டேன்."

அவர் எழுந்து அவள் விலாவில் உதைத்தார். சுருண்டு விழுந்தவளை மறுபடி உதைத்தார். அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுக்க, அந்த ஆள் தேநீர்க் குவளையை அக்காவின் நெற்றியில் அடித்து உடைத்தார். கண்ணுக்குள் ரத்தம் இறங்கியபடியே அக்கா மேசையிலிருந்த இஸ்திரிப் பெட்டியை எடுத்து அந்த ஆளின் முழங்காலில் வீசினார். எலும்பில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. அவர் தரையில் சரிந்தார்.

"இப்ப நெசமாவே படுத்திருக்கீங்க. ஆளக் கூப்பிடுங்க" என்றார் மூச்சிரைக்க. பிறகு, "யல்லா, கெளம்பு ஜெயா, செருப்பப் போடு."

ஜெயா அசையவில்லை. "பாஸ்போர்ட் அவர்கிட்ட இருக்குக்கா."

"உயிரு உன்கிட்ட இருக்குல்ல? வா."

அவ்வளவு நேரமும் நான் படிவத்தை மார்போடு பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். லிஃப்ட் கதவைப் பிடித்தது மட்டும்தான் நான் செய்தது. அதுவும் அக்கா கத்திய பிறகு.

மூட்டு விலகிய தோளோடு ஜெயா நான்கு நாட்கள் சமைத்திருக்கிறாள் என்று ஆஸ்பத்திரியில் தெரிந்தது. புஜைராவில் தன் உறவினரின் தையல் கடையில் அக்கா அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தார். தூதரகத்துக்கு அலைந்து பாஸ்போர்ட்டையும் மீட்டார். மாதம் ஒருமுறை அந்த மலைப்பாதையில் போய் அவளைப் பார்த்துவருவார். கடைசிப் பயணமும் அதற்குத்தான்.

அந்த ஐந்து நாளும் நினைவில்லாமல் கிடந்தவரை நர்ஸுகளோடு சேர்ந்து புரட்டிப் படுக்க வைத்தவள் ஜெயாதான். "வலது கையத்தான் அடியில குடுத்துத் தூக்கினேன் கோமதி. வலிக்கவே இல்ல" என்றாள்.

மும்தாஜ் அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது காலியாக விட்ட அந்த ஒரு கட்டம். நேற்று அஜ்மானில் ஒருவர் என் படிவத்தைப் பார்த்து, "இதுல என்ன யோசன? பொண்டாட்டின்னு எழுதும்மா" என்றார். நான் பேனாவை மூடினேன்.

"அவங்க உள்ளயா இருக்காங்க? நான் தனியாப் போய்க் கேக்கணும்" என்றேன். அவர் முகம் மாறியது. நான் எழுந்து அடுக்களைக்குப் போனேன்.