அடைக்கு வாங்கிய ஆலிவ் எண்ணெய்

இன்று காலை தென்காசிக் கடையில் ஆலிவ் எண்ணெய் கேட்டேன். "பிள்ளைக்குத் தேய்க்கவா, மூட்டுவலிக்கா?" என்றார் கடைக்கார அண்ணாச்சி.

"அடை சுட" என்றேன். மனிதர் பாட்டிலைத் தரவே யோசித்தார்.

வீட்டில் யாரிடமும் மூச்சுவிடாமல் அதில்தான் சுட்டேன். மாமனார் நாலு அடை தின்றுவிட்டு, "இன்னைக்கு ருசி தனியா இருக்கேம்மா" என்றார். இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பத்து மணிக்கு என் பங்கைச் சுடப் போனால் பாட்டிலைக் காணோம். வெளியே போயிருந்த மாமனாருக்குப் போன் போட்டேன். ஐந்தருவியில் நின்றார்.

"தேய்க்கிற எண்ணெய எதுக்கும்மா அடுப்பங்கரையில வச்சிருக்க? குளிக்க எடுத்துட்டு வந்துட்டேன்."

"காலையில நீங்க தின்ன அடை அதுல சுட்டதுதான் மாமா."

அருவிச் சத்தத்துக்கு நடுவே யாரிடமோ, "அந்த மூடியக் கொடுப்பா" என்றார்.

"பாதி மிச்சம் இருக்கு, கொண்டாரேன். மாவு இருக்கா?"

உங்கள் வீட்டில் ஆலிவ் எண்ணெய் தோசைக்கல்லுக்கா, தலைக்கா?