டோல்கேட்டில் பிறந்தவர்

லூர்து பல வருஷம் சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டியவர். ராயபுரத்திலிருந்து காட்டுப்பள்ளி வரைக்கும் எந்தச் சந்தில் எந்த வண்டி நுழையும் என்பது அவருக்கு அத்துப்படி. முதுகுவலி வந்து லாரியை விட்டபின் கால் டாக்சிக்கு வந்தார். காரில் மேப் ஸ்கிரீனை வைத்துக்கொண்டு அதன் பெண்குரலிடம் வழி கேட்கும் டிரைவர்களைக் கண்டால் சும்மா விடமாட்டார். "இன்னா மாமு, வூட்டுல பாத்ரூமுக்குப் போறதுக்கும் இந்தம்மாதான் வழி சொல்லுதா?" என்பார். வாய் அப்படி.

அப்பேர்ப்பட்ட மனுஷன் கொஞ்ச மாதமாக ஸ்கிரீனைப் போடாமல் வண்டியை நகர்த்துவதில்லை. "மவன் ஆசையா வாங்கி மாட்னது, சும்மா கெடக்கலாமா?" என்று கூட்டாளிகளிடம் சமாளித்தார். மனைவி சில்வியாவுக்கோ பெருமை பிடிபடவில்லை. புருஷன் காலத்தோடு ஒட்டிப் போகிறாராம்!

உண்மை வேறு. ஒரு நாள் மின்ட் சந்திப்பில் பச்சை விழுந்தபோது, நேராகப் போவதா திரும்புவதா என்று அவருக்குத் தெரியவில்லை. பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. காலமெல்லாம் கடந்த இடம் முன்பின் பார்க்காத ஊர் மாதிரி இருந்தது. சற்று நேரத்தில் எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. பிறகும் சில தடவை அப்படி ஆயிற்று. யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை. சொன்னால் சாவியைப் பிடுங்கிவிடுவார்கள். இந்த நிலையில் ஆளை ஏற்றிக்கொண்டு ஓட்டலாமா என்று கேட்டால், கூடாதுதான். அது அவருக்கும் தெரியும். ஸ்டீயரிங் இல்லாமல் என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை.

ஸ்கிரீன் கைகொடுத்ததை மறுக்க முடியாது. திருப்பம் வருமுன்பே இடது, வலது என்று சொன்னது. எண்ணூர் சாலையில் லாரிகள் முட்டிக்கொண்டு நின்றால் சிவப்பாகக் காட்டி வேறு பக்கம் அனுப்பியது. தப்பாகத் திரும்பினாலும் ஏசாமல் புதுவழி போட்டுக் கொடுத்தது. அந்தக் குரல் கேட்டால்தான் லூர்துக்கு நெஞ்சு படபடக்காமல் இருந்தது.

அன்று உச்சிவெயிலில் காசிமேட்டில் கெங்கம்மா வண்டியில் ஏறினாள். மீன் வியாபாரம் செய்பவள், சின்ன வயதில் அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரி. "டோல்கேட்டுக்கு வுடு லூர்து, பொண்ணுக்கு ஒடம்பு சரியில்ல" என்று சொல்லிவிட்டு, விடியுமுன் எழுந்த அசதியில் கண்ணை மூடினாள்.

டோல்கேட் என்றால் வடசென்னையில் சுங்கம் கட்டும் இடமில்லை. எந்தக் காலத்து கேட்டோ போய்ச் சேர்ந்து, பேர் மட்டும் ஊர்ப்பேராக நின்றுவிட்டது. காசிமேட்டிலிருந்து வடக்கே போனால் வந்துவிடும். குழந்தையைக் கேட்டாலும் கை காட்டும். லூர்து ஸ்கிரீனில் டோல்கேட் என்று தேடினார். ஏழெட்டு இடம் வந்தது. முதலில் இருந்ததை அழுத்தினார். அது ஊருக்கு வெளியே நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடி. குரல் மேற்கே திரும்பச் சொன்னது, திரும்பினார்.

மாதவரம் ரவுண்டானாவில் கெங்கம்மா விழித்துக்கொண்டாள்.

"யோவ், எங்கய்யா போய்க்கினுகீற?"

"டோல்கேட்டுக்குத்தான். அந்தப் பக்கம் டிராபிக்கு."

அவள் எட்டிப் பார்த்தாள். ஸ்கிரீனில் நீலக்கோடு ஊரைவிட்டே ஓடிக்கொண்டிருந்தது. "ஓரமா நிறுத்து" என்றாள். நிறுத்தினார்.

"டோல்கேட்டு நீ பொறந்த எடம்யா. அதுக்கு இன்னாத்துக்கு மிஷினு?"

அவர் ஸ்கிரீனையே பார்த்தார். கெங்கம்மாவுக்குக் கோபம் வந்தது, பிறகு பயம் வந்தது. "லூர்து, என்னைப் பாத்து சொல்லு. அங்க போவ வழி தெரிதா உனுக்கு?"

"தெரில கெங்கா" என்றார். "அப்பப்போ இப்டி ஆவுது."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். பெண்ணுக்கு போன் போட்டு, தான் வர நேரமாகும், தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டு டாக்டரிடம் போ என்றாள். பிறகு கேட்டாள்: "சில்வியாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"இன்னிக்கே சொல்லணும். ஆஸ்பத்திரில காட்டணும். நீ சொல்லலன்னா நா சொல்லுவேன்."

லூர்து ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தார். பிறகு சாவியைத் திருகி எடுத்துப் பின்னால் நீட்டினார்.

"கூட்டாளி எவனாவது வந்து ஓட்டட்டும், வூட்டுக்கு வழி இந்த ஸ்கிரீனு சொல்லிடும், கெங்கா. சில்வியாவாண்ட எப்டி சொல்றதுன்னு இதுக்குத் தெரியாது. நீ கூட வா."