சூரத்துக்குப் போய் வந்த பாலுசாமி

பாலுசாமி லாரி ஓட்டுகிறவன். அன்னூருக்குக் கிழக்கே செங்காட்டுப்பதியில் அவனுக்கு ஊடு உண்டு, மழையை நம்பின காடு கொஞ்சம் உண்டு, பொண்டாட்டி தெய்வாத்தாள் உண்டு, ஒரே மகள் கலாமணி உண்டு. இத்தனை இருந்தும் அவன் வாழ்ந்ததெல்லாம் லாரிக்குள்ளேதான். மூத்தது ஆண் குழந்தை. அது பிறந்தபோது அவன் பெல்லாரியில் இருந்தான். சேதி கிடைத்து ஊர் வந்து சேர்வதற்குள் குழந்தைக்கு இசிவு கண்டு, பால் குடிக்க வாய் திறக்க முடியாமல், போயே போய்விட்டது. புதைத்த இடத்தைத்தான் அவனுக்குக் காட்டினார்கள். கலாமணி பிறந்தபோது நாக்பூர். அவள் பெரியவளாகிச் சீர் வைத்தபோது கட்டாக்கு. கல்யாணத்துக்கு மட்டும் தப்பாமல் வந்து நின்றான். அன்றைக்கும் பந்தலில் பாதிப் பேர், "இவரு யாருங்க, மாப்பிள்ளை ஊட்டு ஒறம்பரையா?" என்று கேட்டார்கள்.

அதனால்தான் கலாமணி தலைப்பிரசவத்துக்கு ஊட்டுக்கு வந்தபோது அவன் சொன்னான்: "இந்தத் தடவை குழந்தை பொறக்கறப்ப நான் வாசல்ல நிப்பேன் கண்ணு. முதலாளி கழுத்தைப் புடிச்சுத் தள்ளினாலும் லாரியில ஏறமாட்டேன்."

"சொல்றீங்க. பாக்கலாம்" என்றாள் தெய்வாத்தாள். இதே மாதிரி எத்தனையோ கேட்டவள் அவள்.

ஒரே ஒரு லோடு மட்டும் பாக்கி இருந்தது. சூரத்துக்கு நூல். தொண்ணூத்தி நாலாம் வருசம் புரட்டாசி அது. அவன் நூலை இறக்கிக்கொண்டிருக்கும்போதே ஊருக்குள் பிளேக்கு என்று கூச்சல் கிளம்பிவிட்டது. ரயிலடிப் பக்கம் சனம் ஒருத்தர்மேல் ஒருத்தர் விழுந்து ஓடியது. பாலுசாமி கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு வெறும் வண்டியோடு திரும்பினான். வழியில் ஒரு டீக்கடையிலும் சூரத்து என்று வாய் திறக்கவில்லை. வண்டியை அன்னூரில் விட்டுவிட்டு, ஊட்டுக்குப் போகிற சந்தோசத்தில் செங்காட்டுப்பதிக்குப் பஸ் ஏறினான்.

ஆனால் அவனுக்கு முன்னால் ரேடியோ வந்து சேர்ந்திருந்தது. பஸ் நிற்கிற இடத்தில் ஊர்ப் பெரியவர் பொன்னுக்குட்டி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் பத்துப் பேர்.

"பாலுசாமி, அங்கயே நில்லப்பா."

"ஏனுங்கண்ணா? எனக்கு ஒண்ணும் இல்லீங்க. தும்மல்கூட இல்லீங்க."

"இருக்காது. நான் இருக்குதுன்னு சொல்லலையே. அந்தக் காலத்துல இந்த நோவு வந்தப்ப எங்க பாட்டன் ஊரையே காலி பண்ணிக் காட்டுல குடிசை போட்டாரு. இப்ப ஊரு பூராப் போவோணுமா, நீ ஒருத்தன் போனாப் பத்துமா? நீயே சொல்லு."

அவர் கேட்ட விதத்துக்கு எவன்தான் மறுப்பான்? பாலுசாமி ஊருக்குள் நுழையாமல் வரப்பு வழியாகத் தன் காட்டுச் சாளைக்குப் போனான். சாளை என்றால் ஓலை வேய்ந்த காட்டுக் குடிசைதான். பாதிக்குமேல் அந்த வருசத்து நிலக்கடலை மூட்டை. மீதியில் ஒரு கயிற்றுக் கட்டில். இதில் கொடுமை என்னவென்றால், அங்கே நின்றால் அவன் ஊட்டுப் பொறக்கடை தெரியும். நடுவில் இருந்தது ஒரு இட்டேரி. இரண்டு பக்கமும் வேலி அடைத்த வண்டித்தடம், அவ்வளவுதான். நாக்பூரில் இருந்தபோதுகூட ஊடு அவ்வளவு தூரமாக இருந்ததில்லை.

தெய்வாத்தாள் சோற்றுப் போசியைக் கிணற்றடித் துவைகல்லில் வைத்துவிட்டு ஊட்டுப் பக்கம் போய் நின்றுகொள்வாள். அவன் போய் எடுத்துக்கொள்வான். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து அவள் கத்துவாள்: "கொழம்புல உப்புப் பத்துச்சுங்களா?" அவன் கத்துவான்: "பத்துச்சு." புருசன் பொண்டாட்டி பேசுவது ஊருக்கே கேட்டதால் அதற்குமேல் அவர்களும் ஒன்றும் பேசுவதில்லை. சில சமயம் கலாமணி வயிற்றைத் தாங்கிக்கொண்டு பொறக்கடைக்கு வந்து கையை ஆட்டுவாள். அவனும் ஆட்டுவான். அவள் உள்ளே போன பிறகும் கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டு நிற்பான்.

சூரத்துக்காரன் வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு நர்சம்மா சாயிரா பானு வந்தார். மேட்டுப்பாளையத்துக்காரர். அந்தச் சுற்று வட்டாரத்துக்கே ஊசி போடுகிறவர் அவர்தான். இட்டேரி, துவைகல் என்று எங்கும் நிற்காமல் நேராகச் சாளைக்குள் வந்து அவன் கையைப் பிடித்துப் பார்த்தார். சூரத்தில் இருந்து வந்த பிறகு அவனை ஒரு மனுசர் தொட்டது அதுதான் முதல் தடவை.

"காய்ச்சல் இல்லீங்க. நெறி கட்டலை. இருந்தாலும் இந்த கேப்சூலைச் சாப்பிட்டுருங்க."

"ஒண்ணுமில்லாதவன் எதுக்குங்க மருந்து முழுங்கோணும்? இதைத் தின்னு ஏதாச்சும் வந்துட்டா?"

"லாரியில ஸ்டெப்னி எதுக்கு வெச்சிருக்கறீங்க? டயரு வெடிச்ச பொறவா வாங்கி மாட்டறீங்க?"

பாலுசாமி சிரித்துவிட்டான். சிரித்துக்கொண்டே அவர் முன்னாலேயே ஒன்றை விழுங்கினான்.

"அப்படியே உங்க மகளுக்கும் போவோணுமுங்க. ரணஜன்னி ஊசி ஒண்ணு மாமியா ஊட்டுலயே போட்டாச்சு. ரெண்டாவது போட்டாத்தான் தாய்க்கும் புள்ளைக்கும் காவல். இந்த மாசம் தாண்டப்படாது."

"ரணஜன்னின்னா?"

"பொறந்த குழந்தை வாயைத் தொறக்க முடியாம, உடம்பு வில்லா வளைஞ்சு..."

"போதுமுங்க" என்றான் பாலுசாமி. பெல்லாரியில் இருந்து வந்த அன்றைக்கு எல்லாரும் காத்துக் கருப்பு என்று சொன்னார்கள். அதற்கு ஒரு பேர் இருக்கிறது, ஒரு ஊசியும் இருக்கிறது என்று அவனுக்கு இத்தனை வருசம் கழித்து இப்போதுதான் தெரிந்தது. "உடனே போயிப் போட்டுருங்க. நெம்பப் புண்ணியமாப் போவும்."

நர்சம்மா ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இட்டேரியில் இறங்கினார். அங்கேதான் கெட்டது. வழியில் எலிகள் செத்துக் கிடந்தன. வேலியோரம் ஒன்று, தடத்தில் இரண்டு, வாய்க்கால் மேட்டில் இன்னொன்று. ஆட்டுக் கிடைக்குத் தழை ஒடிக்க வந்தவன் பார்த்துவிட்டு, "எலி உழுந்துருச்சு! எலி உழுந்துருச்சு!" என்று கத்திக்கொண்டே ஊருக்குள் ஓடினான். பிளேக்கு வருவதற்கு முன்னால் எலிதான் விழும் என்பது அந்த ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும்.

நிமிசத்தில் இட்டேரி வாயில் கூட்டம் நின்றது. தெய்வாத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யோ, அது நான் வெச்ச மருந்துங்க! கடலை மூட்டையைக் கடிக்குதுன்னு போன வாரம் கருவாட்டுல தடவி வெச்சேனுங்க. அதைத் தின்னு செத்துருக்குதுங்க!"

"புருசனைக் காப்பாத்தோணும்னு சொல்றே அம்மணி" என்றார் பொன்னுக்குட்டி. "நானும் அப்படித்தான் சொல்லுவேன். தப்பில்ல." பிறகு நர்சம்மா பக்கம் திரும்பி, "அம்மணி, நீங்க சாளைக்குள்ள போயி அவனைத் தொட்டுட்டு வாரீங்க. அந்தக் கையோட நெறமாசப் புள்ளையத் தொட வேண்டாமுங்க. அவன் அங்க இருக்கற வரைக்கும் நீங்க ஊருக்குள்ள வர வேண்டாம்" என்றார்.

"சோப்புப் போட்டுக் கழுவிக்கறேனுங்க. அவருக்கு ஒண்ணுமே இல்லீங்க."

"உங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியலையே."

நர்சம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். ஒருத்தரும் அசையவில்லை. கடைசியில் அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிவிட்டுப் பெட்டியோடு திரும்பிப் போனார்.

சாயங்காலம் சோறு கொண்டு வந்தவளிடம் பாலுசாமி கத்தினான்: "அன்னூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயாச்சும் போட்டுட்டு வா!"

"ஆஸ்பத்திரிக்குத்தான் பிளேக்குக்காரன் எல்லாம் வருவான்னு சனம் சொல்லுது. நெறமாசக்காரிய அங்கயா இழுத்துட்டுப் போவச் சொல்றீங்க? எனக்கு எந்த ஊசி போட்டாங்க? நான் பெத்துக்கலையா?"

"ரெண்டு பெத்தே. ஒண்ணு எங்க?"

கேட்ட உடனே அவனுக்கே நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. தெய்வாத்தாள் சோற்றுப் போசியைத் துவைகல்லில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். அவள் போன பிறகு சோறு அப்படியே இருந்தது.

எலிக்கு மருந்து வைத்தது அவள், செத்தது எலி, அதில் சூரத்துக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. இது அவனுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அவன் சாளையில் இருந்தால் ஊசி வராது. பிரசவத்தன்றைக்கு வாசலில் நிற்கப்போகிறேன் என்று அவன் இங்கேயே பிடிவாதமாக உட்கார்ந்திருந்தால், நின்று எதைப் பார்ப்பான்? இந்தக் கணக்கு மட்டும் அவனுக்கு விடிய விடியத் தீரவில்லை. விடிந்ததும் எழுந்து, துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இட்டேரி ஓரத்தில் நின்று பொன்னுக்குட்டியைக் கூப்பிட்டான்.

"அண்ணா, நான் போயிட்டா நர்சம்மாளை உள்ள உடுவீங்களா?"

"நீ போயிட்டா எங்களுக்கு எதுக்கப்பா வம்பு? அவுங்க தாராளமா வரட்டும்."

"சொன்ன சொல்லு மாறப்படாதுங்க."

"மாறமாட்டேன். ஆனா நீ எங்கப்பா போவே?"

"லாரிக்காரனுக்கு எடமா இல்லீங்க?"

தெய்வாத்தாள் பொறக்கடையில் இருந்து ஓடி வந்தாள். "குழந்தை பொறக்கறப்ப வாசல்ல நிப்பேன்னீங்க!"

"ஊசியப் போடு. குழந்தை பொறந்தா அது என்னைத் தேடியா அழுவப் போவுது?" என்று அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. கலாமணி கதவுக்குள் நின்று, "அப்பா, நீங்க போவாதீங்கப்பா. எனக்கு ஊசியே வேண்டாம்" என்றாள். அவன் காது கேளாதவன்போல் வரப்பில் இறங்கி நடந்தான்.

பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் சண்டைக்கு வருவான் என்று அன்னூர் வரைக்கும் காட்டு வழியே நடந்தான். முதலாளி அவனைக் கண்டதும் நாலு அடி தள்ளி நின்றுகொண்டே, ராய்ப்பூருக்கு ஒரு லோடு இருக்கிறது என்றார். வண்டியில் பாரம் ஏற்றி முடிய இரண்டு மூன்று நாளானது. அதுவரை வண்டிக்குள்ளேயே படுத்துக்கொண்டு கேப்சூலை ஒன்று விடாமல் விழுங்கினான். உதவிக்கு வர ஒருத்தனும் சம்மதிக்கவில்லை. தனியாகத்தான் கிளம்பினான்.

நர்சம்மா சொன்ன வாரம் தாண்டியதும், நடு வழியில் ஒரு ஊரில் டீக்கடையோடு சேர்ந்த பூத்தில் இருந்து செங்காட்டுப்பதி மளிகைக்கடைக்குப் போன் போட்டான். தெய்வாத்தாளைக் கூப்பிட ஆள் ஓடி, அவள் மூச்சு வாங்க வந்தாள். எடுத்த எடுப்பில் அவள் சொன்னது இதுதான்:

"போட்டாச்சு. உங்க பேச்சைக் கேட்டுப் போட்டாச்சு. புள்ளைக்குக் கை வீங்கிக் காச்சல் அடிச்சு ஒரே பெனாத்தல். எல்லாம் உங்களாலதான்."

"வீங்கட்டும், வீங்கட்டும். நல்லா வீங்கட்டும்" என்றான் பாலுசாமி.

"என்ன மனுசனோ நீங்க! சாப்பிட்டீங்களா?"

அவன் பதில் சொல்வதற்குள் லைன் அறுந்துவிட்டது. மறுபடி போட்டான், கிடைக்கவில்லை. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். சொல்ல வேண்டும்போல் இருந்தது, யாரிடமாவது. பக்கத்தில் நின்ற டீக்கடைக்காரனைப் பார்த்து, "என்ற மகளுக்கு ஊசி போட்டாச்சுங்க" என்றான். அந்த ஆளுக்குத் தமிழ் தெரியாது. பாலுசாமி முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இன்னொரு டீ ஊற்றிக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்.