மூன்று கணக்குப் பாடங்களும் கோயில் ஸ்பீக்கரும்

ஆறு வாரம். அதற்குள் மூன்று கணிதப் பாடங்கள்: நுண்கணிதத்தின் இரண்டாம் பகுதி, நேரியல் அட்சரகணிதம், நிகழ்தகவு. ஹட்டனில் நான் படிக்கும் பட்டப்படிப்பு நிலையத்தில் ஆடி மாதத்தில் தொடங்கும் இந்தக் குறுந்தவணைக்கு எல்லோரும் ஒரு பாடம்தான் எடுப்பார்கள். மூன்று எடுக்க வேண்டுமென்றால் தனியாகக் கடிதம் கொடுக்க வேண்டும். நான் கொடுத்தேன். போன தவணையில் டெங்கு வந்து படுத்ததில் விட்டுப்போன பாடங்கள் அவை. மூன்றிலும் சித்தியடைந்தால் செப்டம்பரில் என் வகுப்போடு சேர்ந்து மூன்றாம் வருடம் போகலாம். ஒன்று போனாலும் அடுத்த ஆடி வரை காத்திருக்க வேண்டும்.

கடிதத்தைப் பார்த்த என் சிநேகிதி சிரித்தாள். அவள் ஒரே ஒரு பாடம் எடுத்திருந்தாள்.

“ஏய், மூணு மலையிலயும் ஒரே நாள்ல கொழுந்து எடுக்கவா போற?”

“எடுத்துக் காட்டுறேன் பாரு” என்றேன். அப்போது உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன்.

வார நாட்களில் வகுப்பு ஃபோனில். பூண்டுலோயாவுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் வரிசை வீடுகளாக இருக்கும் எங்கள் லயத்தில், பின்பக்க ஜன்னலில் ஃபோனைச் சாய்த்து வைத்தால் மட்டும் சிக்னல் வரும். மழை வந்தால் அதுவும் இல்லை. ஆடியில் மழை வராத நாளும் இல்லை. சனி, ஞாயிறு இரண்டு பஸ் மாறி ஹட்டன். இதையெல்லாம் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது பாடங்கள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டதுதான். நிகழ்தகவில் இரண்டாம் வாரமே ஒரு தொகையீடு வந்து நின்றது. அந்தத் தொகையீட்டை நுண்கணிதத்தில் நான்காம் வாரம்தான் சொல்லித் தருவார்கள். “இது உங்களுக்குத் தெரிஞ்சதுதானே” என்று விரிவுரையாளர் தாண்டிப் போனார். தெரியாது என்று எழுதி அனுப்புவதற்குள் சிக்னல் போய்விட்டது.

இந்த இரண்டையும் துரத்திக்கொண்டு ஓடியதில் நேரியல் அட்சரகணிதத்தைத் தள்ளிக்கொண்டே வந்தேன். தாயங்கள் என்ற எண் கட்டங்களைக் கூட்டுவதும் பெருக்குவதும் கைவந்துவிட்டன. ஐகன் பெறுமானங்கள் என்ற அத்தியாயம் மட்டும் அப்படியே கிடந்தது. பதினாறு பக்கம். சோதனையில் நிச்சயம் ஒரு பெரிய கேள்வி. சோதனை திங்கட்கிழமை, அதற்கு முந்திய சனிக்கிழமைக்கு அதை ஒதுக்கினேன். அந்த வாரம் வகுப்பும் இல்லை.

தோட்டத்துத் திருவிழா அந்த வெள்ளி, சனி, ஞாயிறு என்பது என் கால அட்டவணையில் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையே ஸ்பீக்கர் கட்டிவிட்டார்கள். எங்கள் லயத்தின் முனையில் நிற்கும் சவுக்கு மரத்தில் ஒரு குழாய், நேரே என் ஜன்னலைப் பார்த்து. அன்று முழுக்க ஒரு வரி மண்டையில் ஏறவில்லை. சனிக்கிழமை மத்தியானம் பொறுக்க முடியாமல் கோயிலுக்கு ஓடினேன். ஸ்பீக்கரைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் வயர்களுக்கு நடுவே உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தார்.

“அண்ணே, ரெண்டு மணி நேரம் மட்டும் நிப்பாட்டுவீங்களா? திங்கக்கெழமை சோதனை.”

“என்னா பாடம் தங்கச்சி?”

“கணக்குண்ணே. மூணு பாடம்.”

“மூணும் கணக்கா?” கடலையைக் கீழே வைத்துவிட்டார். “நீ போ. மூணு மணிக்கு நிப்பாட்டிர்றேன்.”

எனக்குப் பறப்பது போல் இருந்தது. வீட்டுக்கு வந்து பென்சில் சீவி, கொப்பியைத் திறந்து உட்கார்ந்தேன். மூன்று மணிக்குப் பாட்டு நின்றது. அவர் குரல் கிளம்பியது.

“பக்த அடியார்களுக்கு ஓர் அறிவித்தல். நம்ம நாலாம் நம்பர் லயத்துப் புள்ள ஒரே நேரத்துல மூணு கணக்குச் சோதனை எழுதப் போகுது. அதுனால அஞ்சு மணி வரைக்கும் பாட்டு கெடையாது. எல்லாரும் அந்தப் புள்ளைக்காக அம்மன வேண்டிக்கங்க.”

எதிர் மலை வரைக்கும் கேட்டிருக்கும்.

பத்து நிமிடத்தில் பக்கத்து வீட்டுச் சின்னம்மா மாவிளக்கு மாவோடு வந்தார். நெற்றியில் திருநீறு பூசினார். “மூணு கணக்காமே! மொகமெல்லாம் வத்திப்போச்சே புள்ள” என்று உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததைப் பார்த்து மேல் லயத்திலிருந்து இருவர் வந்தார்கள். பாட்டு இல்லை, திருவிழாவுக்காக வேலையும் இல்லை. எல்லோரும் எங்கே போவார்கள்? அம்மா பூரித்துப்போய் வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி ஊற்றினார்.

“அம்மா, நான் படிக்கணும்.”

“ஒனக்காகத்தானே வந்துருக்காங்க. அந்த ரெண்டு டம்ளரக் கழுவிட்டுப் போய்ப் படி.”

நாலு மணிக்குக் கோயில் கமிட்டித் தலைவரே வந்துவிட்டார். “எனக்கு ஒன்னுதான் வெளங்கல. மூணும் கணக்குத்தானே? அப்பொறம் எதுக்கு மூணு சோதனை? ஒன்னா வச்சுட்டா என்னா?”

“அதான் மாமா எனக்கும் வெளங்கல” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இரைச்சல் போட்டவர்களைத் திட்டலாம். நமக்காக வேண்டிக்கொள்ள வந்தவர்களை என்ன சொல்வது?

சரியாக ஐந்து மணிக்குப் பாட்டு தொடங்கியது. எல்லோரும் எழுந்து கோயிலுக்குப் போனார்கள். பதினாறு பக்கத்தில் நான் ஒன்றரைப் பக்கம் படித்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கரகம் எங்கள் வாசலுக்கே வந்தது. புத்தகம் மடியில்தான் இருந்தது.

திங்கட்கிழமை மூன்றாவது கேள்வி ஐகன் பெறுமானங்கள். வரைவிலக்கணத்தை அழகாக எழுதினேன். அந்த ஒன்றரைப் பக்கத்தில் இருந்தது அதுதான். மீதியை வெள்ளையாக விட்டேன். மற்ற இரண்டு சோதனைகளும் அந்த வாரக் கடைசியில். தோட்டம் அமைதியாக இருந்தது. நன்றாகவே எழுதினேன்.

முடிவு ஃபோனில் வந்தபோதும் அதே ஜன்னலில்தான் நின்றேன். நுண்கணிதம் சித்தி. நிகழ்தகவு சித்தி. நேரியல் அட்சரகணிதம் முப்பத்தாறு. நாற்பது வேண்டும். நான்கு புள்ளி! ஸ்பீக்கரைச் சொல்வதா, சின்னம்மாவைச் சொல்வதா, அந்தப் பதினாறு பக்கத்தை ஐந்து வாரம் சும்மா போட்டு வைத்த என்னைச் சொல்வதா? சிநேகிதி மூன்றாம் வருட வகுப்புக்குப் போய்விட்டாள். நான் வீட்டில் அந்த அத்தியாயத்தை முதலிலிருந்து போட்டுப் பார்த்தேன். இரண்டு நாளில் புரிந்துவிட்டது. அதுதான் இன்னும் எரிச்சல்.

போன வாரம் பூண்டுலோயா பஸ்ஸில் ஸ்பீக்கர் அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“என்னா தங்கச்சி, மூணும் பாஸா?”

“ரெண்டுதாண்ணே. ஒன்ன அடுத்த ஆடியில திரும்ப எழுதணும்.”

அவர் முகம் வாடிவிட்டது. பிறகு, “கவலப்படாத. அடுத்த திருவிழாவுக்கு மூணு நாளுமே நிப்பாட்டிருவோம். நான் கமிட்டியில பேசுறேன்” என்றார்.

“ஐயோ வேணாண்ணே!” பஸ்ஸில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். “நீங்க பாட்டே போடுங்க. நல்லாச் சத்தமாப் போடுங்க.”