நாற்பத்திரண்டு முட்டைக்குப் பன்னிரண்டு வோல்ட்

பேட்டரியில் கிளிப்பை வைத்த மாத்திரத்தில் கம்பி சிவந்தது. மதிவதனி வெடுக்கென்று பிடுங்கினாள். தெர்மாகோல் பெட்டியின் உள்சுவர் விரலகலம் உருகி, மூக்கைக் காந்தும் வாடை எழுந்தது. மூடியை அடைத்தாள். வெப்பமானி முப்பத்தைந்து காட்டியது. காலை ஒன்பதுக்குக் கரண்ட் போகும்போது முப்பத்தேழரை.

பெட்டிக்குள் நாற்பத்திரண்டு முட்டைகள். பல்பு சூட்டில் இருபதாம் நாள், மறுநாள் பொரிக்க வேண்டியவை. முட்டைகளை வைத்த மறுவாரம் வெள்ளைக் கழிச்சல் நோய் வந்து, கோழி சேவல் ஒன்று விடாமல் வாரிக்கொண்டு போய்விட்டது. ஆறு வருசமாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த வம்சத்தில் மிச்சம் இவைதான்.

மாலை ஐந்து வரை மின்சாரம் இருக்காது என்று கணவன் சாமுவேலின் போனுக்கு முந்தின நாளே செய்தி வந்திருந்தது. படித்தான், சொல்ல மறந்துவிட்டான். அவனுடைய குட்டியானை சரக்கு வண்டி இப்போது பேட்டரி இல்லாமல் வாசலில் நின்றது.

"காங்கயத்துல கொப்பரைக்காரன் கூப்புட்டுக்கிட்டே இருக்கறான். வண்டி உசுரப் புடுங்கி முட்டைக்கு வெச்சுப்போட்டோம்னா சிரிப்பானா, வைவானா?"

"ரெண்டையும் செய்யச் சொல்லுங்க. அந்தக் கூரை ஓட்ட எடுங்க."

"துண்டுக் கம்பிக்கே சிவந்துபோச்சு. இன்னும் போட்டா பத்திக்காதா?"

"துண்டாப் போட்டதுனாலதாங்க செவந்துச்சு. அத்தனை சூடும் அந்தச் சாண் எடத்துலயே நின்னுக்கிச்சு."

கல்யாணத்துக்கு முன் கோவை கணபதியில் மோட்டார் காயில் சுற்றும் கடையில் எட்டு வருசம் இருந்தாள். முதலாளி சுற்ற விடுவார். கணக்குத் தாளை மட்டும் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்வார். எரிந்து வந்த மோட்டார்களைப் பிரிக்கும்போது சுற்றுகளை எண்ணி எண்ணி, கணக்கை அவளாகவே பிடித்தாள்.

பழைய மின்னடுப்பின் சுருளைப் பிரித்து நீட்டினாள். பல்பு தந்த சூட்டுக்கு ஏறக்குறைய ஐம்பது வாட். பன்னிரண்டு வோல்ட்டில் அதற்கு மூன்று ஓம் கம்பி. அந்த அளவில் வெட்டியதுதான் சிவந்தது. இந்த முறை மீட்டரை வைத்து ஆறு ஓமில் இரண்டு துண்டுகள் வெட்டினாள். சுற்றோடு சுற்று தொடாமல் ஓட்டின் மேல் சுற்றினாள். இரண்டின் முனைகளையும் இணையாகச் சேர்த்து நட்டு போட்டு முறுக்கினாள். மொத்தத்தில் அதே மூன்று ஓம். கம்பி நான்கு மடங்கு. ஒவ்வொன்றிலும் பாதி கரண்ட். அதே சூடு பரந்து நிற்கும்.

ஓட்டைப் பெட்டிக்குள் இறக்கிக் கிளிப்பை வைத்தாள். சிவக்கவில்லை. முப்பத்துநான்கிலிருந்து எண் ஏறியது. சூட்டை நிறுத்தும் கருவி வீட்டு மின்சாரத்தில் ஓடுவது. அதனால் கிளிப்பைக் கையில்தான் வைத்து எடுக்க வேண்டும்.

முப்பத்தேழரையில் எடுத்தாள். எண் நிற்கவில்லை. முப்பத்தெட்டு. முப்பத்தெட்டரை.

"எடுத்துப்போட்டயே, இன்னும் ஏறுது" என்றான் சாமுவேல்.

கூரை ஓடு வாங்கி வைத்திருந்த சூடு. அதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. முப்பத்தொன்பதைத் தாண்டினால் குஞ்சு உள்ளேயே வெந்துவிடும். மூடியைத் திறந்தாள். ஐப்பசிக் காற்று பெட்டிக்குள் இறங்கியது. சூட்டோடு ஈரமும் போனது.

ஒரு முட்டைக்குள்ளிருந்து சத்தம் கேட்டது.

"கத்துது மதி."

"கத்தட்டுங்க. வெந்நி கொண்டாங்க, ஈரம் வேணும்."

கிண்ணத்தில் வெந்நீர் வைத்து மூடினாள். அதன்பின் முப்பத்தேழைத் தொடுமுன்பே எடுத்தாள். ஏறும் வரை ஏறவிட்டு, இறங்கியதும் வைத்தாள். மூடியை மூன்று முறை திறக்க வேண்டியிருந்தது. மதியம் சாமுவேல் சோற்றைப் பிசைந்து வாயருகே நீட்டினான்.

"நவுருங்க, நம்பரு மறைக்குது."

ஐந்தேகாலுக்குக் கரண்ட் வந்தது.

மறுநாள் மாலைக்குள் பதினான்கு பொரித்தன. பதினொன்று முட்டை ஓட்டைக் கொத்திய இடத்திலேயே, சவ்வு காய்ந்து ஒட்டிச் செத்திருந்தன. மற்றவை அசையவில்லை, அவற்றைக் குழி தோண்டிப் புதைத்தாள். பதினான்கில் இரண்டு இருட்டுவதற்குள் செத்தன. அடுத்த நாள் காலை மதிவதனி கால்நடை மருந்தகத்துக்குப் போய்க் கழிச்சலுக்குச் சொட்டு மருந்து எப்போது போடுவார்கள் என்று கேட்டாள். ஏழாம் நாள் கொண்டு வரச் சொன்னார்கள். பன்னிரண்டு என்று எழுதிக்கொண்டார்கள்.