உழ்ஹிய்யாக் கடாவின் கால்

விலங்குகளுக்கு இயன்மருத்துவம், அதாவது பிசியோதெரபி, செய்கிறேன் என்று சொன்னால், கேட்பவர் முதலில் சிரிப்பார். பிறகு தன் முழங்காலைக் காட்டுவார். மனிதர்கள் அந்தச் சிகிச்சைக்கு பஸ் ஏறிப் போய் வரிசையில் நிற்க, நாய்க்கு மட்டும் ஒருத்தி வீடு தேடி வருவதைப் பலர் ஓர் அநியாயமாகவே பார்க்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பிழை இல்லை.

என் நோயாளிகளில் பெரும்பாலானவை கண்டக்குழிக் கடற்கரை விடுதிகளின் நாய்கள். கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர், தெருவில் அடிபட்டுக் கிடந்தவற்றைத் தூக்கி வளர்த்து, ஊர் திரும்பும்போது விடுதிக்காரரிடம் விட்டுப் போனவை. அவற்றைக் கடலோரக் களப்புத் தண்ணீரில் மார்பளவுக்கு இறக்கி நடக்க வைப்பேன். தண்ணீர் உடம்பின் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். கால் பயமில்லாமல் அசையும். வலை பின்னிக்கொண்டு கரையில் இருப்பவர்கள், நான் நாய் குளிப்பாட்டுகிறேன் என்றே இன்றும் நினைக்கிறார்கள்.

மாம்புரியிலிருந்து ஒருநாள் அழைத்தவர் வெங்காயத் தோட்டக்காரர். அவருடைய ஆட்டுக்கடாவின் வலது பின்னங்கால் முச்சக்கரவண்டியில் அடிபட்டு முறிந்திருந்தது. மிருக வைத்தியர் கட்டுப்போட்டு எலும்பு பொருந்திவிட்டது. ஆனால் கட்டுக்குள் கிடந்த கால் மெலிந்து, மூட்டு மடங்க மறுத்தது.

"பெருநாளைக்குள்ள சரியாகணும் மிஸ்" என்றார்.

"ஏன் பெருநாளைக்குள்ள?"

"உழ்ஹிய்யாவுக்கு வளத்த கடா. நொண்டிண்டு கண்ணுக்குத் தெரிஞ்சா அறுக்க ஏலாது. மௌலவியும் சொல்லிட்டார்."

உழ்ஹிய்யாவாக ஹஜ்ஜுப் பெருநாளில் அறுத்துப் பங்கிடும் பிராணி குறையில்லாததாக இருக்க வேண்டும். ஆகவே, அறுக்கும் இடம்வரை அது ஒழுங்காக நடந்து போவதற்கு நான் உதவ வேண்டும். இதைவிடத் தெளிவான சிகிச்சை இலக்கை யாரும் எனக்குத் தந்ததில்லை.

தோட்டக்காரர் ஈரமில்லாத மனிதரல்ல. குட்டியிலிருந்து அதற்கு இலை ஒடித்துப் போட்டவர் அவர்தான். "வேற ஒண்ட வாங்கிக் குடுக்கலாம் மிஸ். ஆனா மனசு நோகாமக் குடுக்கிறது என்ன குடுக்கிறது?" என்றார். கடா அவருடைய சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டிருந்தது.

நான் கிழமைக்கு இருமுறைதான் போவேன். மற்ற நாட்களின் பயிற்சி அவருடைய மனைவியின் பொறுப்பு. காலை மெல்ல மடக்கி நீட்டுவது, மணலில் நடத்துவது, முடிந்ததும் பரிசாக ஒரு துண்டு பேக்கரிப் பாண். மனைவி ஒருநாளும் தவறவிடவில்லை. நான் பார்த்த வீடுகளில் நான் சொன்னதை அப்படியே செய்த வீடு அது ஒன்றுதான். கடாவும் பாணுக்காக எதையும் செய்தது, தண்ணீரில் இறங்குவதைத் தவிர.

போகும்போதெல்லாம் தொடைகளின் சுற்றளவை நாடாவால் அளந்து குறித்துக்கொள்வேன். ஐந்தாம் கிழமை இரண்டும் ஒரே அளவு. மூட்டு முழுதாக மடங்கியது. எங்கே அழுத்தினாலும் வலியில்லை. ஆனால் கடா நொண்டியது. முன்பைவிட அழகாக நொண்டியது. நான் முன்பு வேலை பார்த்த பத்திரிகையில், இரண்டு தரப்பும் முரணாகப் பேசினால் மூன்றாமவரைத் தேடிப் போ என்பார்கள். இங்கே இரண்டு தரப்பும் ஒரே உடம்பில் இருந்தன.

பெருநாளுக்கு ஒன்பது நாள் இருக்கையில், சொன்ன நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முந்திப் போய்விட்டேன். வேலிக்கு வெளியே நிற்கும்போதே கண்டேன். கடா பின்னங்கால்கள் இரண்டில் மட்டும் நிமிர்ந்து நின்று வேலியின் உச்சி இலையைத் தின்றுகொண்டிருந்தது. முறிந்த கால் பாதிப் பாரத்தைச் சுமந்தபடி ஆடாமல் நின்றது. குசினிக் கதவு திறந்து அவருடைய மனைவி வெளியே வந்தார். கடா கீழே இறங்கி, நொண்டிக்கொண்டு அவரிடம் போனது. நொண்டியது இடது கால்.

"எத்தனை நாளா?" என்று கேட்டேன்.

அவர் பாணைப் பிய்ப்பதை நிறுத்தவில்லை. "ரெண்டு கெழமையா."

"பழக்கினீங்களா?"

"நான் என்னத்தப் பழக்கிற? நொண்டக்க பாவமா இருந்திச்சி, ஒரு துண்டு கூடக் குடுத்தன். அதுக்கு வெளங்கிட்டு. அதுட மூள நம்மட ஆக்களுக்கு இருந்தா நாடு எப்பவோ உருப்பட்டிருக்கும்."

"கால் மாறி நொண்டுது."

"அதையும் பாத்துட்டீங்களா?" அவருக்கு உண்மையிலேயே கவலை. "அவர் இன்னும் பாக்கல்ல மிஸ்."

"அவர் கேட்டா நான் உள்ளதத்தான் சொல்லுவன்."

"சொல்லுங்க. கேக்காட்டிச் சொல்லாதீங்க."

அவர் கேட்டார். தோட்டத்திலிருந்து வந்தவர், கை கழுவுவதற்கு முன்பே கேட்டார்.

"கால் சரியா மிஸ்?"

"சரி."

"அப்ப ஏன் நொண்டுது?"

"பாணுக்கு."

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி கடாவைப் பார்த்தார். அவர் முற்றத்தின் மறுகோடிக்குப் போய், நாக்கைச் சுண்டிக் கடாவைக் கூப்பிட்டார். அது நேராக நடந்து போனது. நான்கு கால்களும் ஒரே சீராக மணலில் பதிந்தன. என் கையால் தேறிய எந்தக் காலும் அவ்வளவு ஒழுங்காக நடந்து நான் பார்த்ததில்லை. யாரும் பாராட்டவில்லை. மனைவி உள்ளே போய்விட்டார். அன்றைக்குத் தேத்தண்ணியும் வரவில்லை.

பெருநாளன்று பின்னேரம் தோட்டக்காரர் மோட்டார்சைக்கிளில் வந்து ஓர் இறைச்சிப் பொதியை நீட்டினார். வாங்குவதற்கு நான் தயங்கியிருக்க வேண்டும்.

"மாடு மிஸ்" என்றார். "ஏழு பேராச் சேந்து எடுத்தம். நேர்ச்சை ஒண்டும் வெக்கல்ல, மனசில நிய்யத்து வெச்சது மட்டுந்தானே. மாட்டில ஒரு பங்கு போதும்."

"கடா?"

"வீட்டில நிக்கிது." வண்டியில் மிச்சமிருந்த பொதிகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்தார். "நான் கூப்புட்டா நேரா வருது. அவ கூப்புட்டா நொண்டுது. இதில எத எடுக்கிறண்டு மௌலவிட்டக் கேக்க வெக்கமா இருந்திச்சி."

அப்படியானால் இனி நான் வரத் தேவையில்லை என்றேன்.

"இல்ல மிஸ், அவ உங்கள புதன்கிழம வரட்டாம்." அவர் முகத்தில் சிரிப்பில்லை. "கால் இன்னும் சரியாகல்லியாம்."