மேல்வெட்டுக்கு ஒரு கண்ணாடி

கோட்டாறு கடைத்தெருவை விட்டு நடந்துகொண்டிருந்தேன். தோளில் துணிப்பை, சட்டைப் பையில் ஒரு மூக்குக்கண்ணாடி. கண்ணாடி என்னுடையதல்ல. வேலை போனது அதனால்தான்.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, பல ஊரில் பல வேலை பார்த்து, கடைசியாக அந்தக் கண்ணாடிக் கடையில் சேர்ந்திருந்தேன். லென்ஸைத் தேய்த்து பிரேமில் மாட்டும் வேலை. பதினோரு மாதம் ஆகியிருந்தது. அவ்வளவு நாள் நான் எங்குமே தங்கியதில்லை. முதலாளி வருகிறவர்களிடம் என்னை ‘நம்ம ஆப்டிக்கல் எஞ்சினியர்’ என்று காட்டுவார். அதை நம்பி ஒருவர் வீட்டுக்குப் பிளான் போட்டுத் தரக் கேட்டார். இன்னொருவர் ஓடாத கிரைண்டரைத் தூக்கிவந்தார். கண்ணாடி சரியில்லை என்று நான்கு முறை வந்த ஒரு அம்மா, ஐந்தாம் முறை, கண்ணாடி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் போட்டதிலிருந்து வீட்டில் தூசி அதிகமாகிவிட்டது என்றார். துடைத்துக் கொடுத்தேன். போய்விட்டார்.

கருங்கல் பக்கம் ரப்பர் பால் வெட்டும் அண்ணன் ஒருவரும் அப்படித் திரும்பத் திரும்ப வந்தார். ஐம்பது தாண்டியவர். அவருக்கு, தூரத்துக்கும் பக்கத்துக்கும் ஒரே லென்ஸில் பார்க்கும் பைஃபோக்கல். எல்லோருக்கும் செய்வதுபோல, பக்கத்தில் பார்க்கும் துண்டு கீழே வரும்படி மாட்டிக் கொடுத்திருந்தேன். மூன்று முறை அளந்து பார்த்தேன். தப்பே இல்லை.

“பேப்பர் படிக்க முடியுதா அண்ணே?”

“பேப்பரெல்லாம் படிக்கேன். மரத்துலதான் ஒண்ணும் தெரியல்ல.”

“மரம் தெரியலியா?”

“மரம் தெரியாம முட்டிக்கிட்டா வந்திருக்கேன்? வெட்டு தெரியல்ல மக்கா.”

நாலாம் முறை, கத்தி பிடிப்பதுபோலக் காட்டச் சொன்னேன். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார்.

வயதான மரத்தில் கீழ்ப்பட்டை தீர்ந்தால் மேலே வெட்டுவார்களாம். மெல்லிசாகச் சீவ வேண்டும், ஆழமாகப் போனால் மரத்தில் காயம். கீழ்த்துண்டு வழியாக மேலே பார்க்க அண்ணன் கழுத்தைப் பின்னால் மடக்க வேண்டியிருந்தது. ஏற்கெனவே ஆறு மரத்தில் காயம். ஏழாவது காயம் விழுந்தால் வேறு ஆள் என்று தோட்டத்துச் சொந்தக்காரர் சொல்லிவிட்டார். பதினோரு மாதத்தில் நான் யாரிடமும், என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டதில்லை.

புது லென்ஸ் எடுத்து, துண்டு மேலே வரும்படி தலைகீழாகத் தேய்த்து மாட்டினேன். முதலாளி அதைப் பார்த்தபோது கடையில் ஐந்தாறு பேர் நின்றார்கள்.

“ஏலே, போதமில்லாமலா வேலை செய்யுத? தலகீழா வச்சிருக்க!”

“தெரிஞ்சுதான் வச்சேன் மொதலாளி. அவரு மேல பாத்துல்லா வெட்டுகாரு.”

“நாளைக்கு ஒருத்தன் படுத்துக்கிட்டு படிக்கணும்னு வருவான். அவனுக்குக் குறுக்க வப்பியா? கழத்தி நேரா வை.”

மாட்டேன் என்றேன்.

“அப்போ அதையும் எடுத்துக்கிட்டு எறங்குலே.”

இறங்கிவிட்டேன். கருங்கல் பஸ்ஸில் கூட்டம். சட்டைப் பையை ஒரு கையால் பொத்திக்கொண்டே நின்றேன். உடைந்தால் இன்னொன்று செய்ய எனக்கு இடமில்லை.

அண்ணன் வீட்டைக் கண்டுபிடித்தபோது சாயங்காலம். துண்டை மேலே வைத்திருப்பதைச் சொன்னேன். கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நீ சொன்னா சரிதான். ஆனா நாளைக்கு மரத்துல பாக்கணும். இங்க படு.”

விடிந்ததும் தோட்டத்துக்குப் போனோம். தோட்டக்காரரும் வந்து நின்றார். அண்ணன் கண்ணாடியை மாட்டி, கத்தியை மேலே வைத்தார். கழுத்து மடங்கவில்லை. பட்டை மெல்லிய சுருளாக விழுந்தது. பால் இறங்கி, மரத்தில் கட்டியிருந்த தேங்காய்ச் சிரட்டையில் சொட்டியது. தோட்டக்காரர் பத்து மரம்வரை பின்னாலேயே வந்து ஒவ்வொரு வெட்டையும் அண்ணாந்து பார்த்தார். பிறகு திரும்பி வீட்டுக்கு நடந்தார்.

“ஒண்ணும் சொல்லாம போறாரே?”

“அவரு சொல்லாம போனா நல்லது மக்கா.” அண்ணன் அடுத்த மரத்துக்கு நகர்ந்தார். “எனக்க பெஞ்சாதி மகளுக்க பேறுகாலத்துக்குப் போயிருக்கா. பால் எடுக்க ஆளில்ல. எஞ்சினியரு வாளி தூக்குவியளா?”

தூக்கினேன். பால் சொட்டி முடிந்து வெயில் ஏறியதும், முதல் மரத்திலிருந்து வாளியில் ஊற்றத் தொடங்கினேன். முதல் மூன்று சிரட்டைப் பாலில் பாதி என் காலில் விழுந்தது.